பதினொரு பேருக்கு ஒரு குரல்

மூன்று தடவை கூப்பிட்டும் ஷீலா திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காது கேட்காமலா போய்விட்டது? நாலு வீடு தள்ளி யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் முதல் ஆளாகப் போய் நிற்கிறவள். இப்போது பின்வாசல் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் சிப்பிகாட்டின் அந்தத் தண்ணீர். இருபது வருடங்களுக்கு முன் பூமி ஆடித் தாழ்ந்தபோது வயலுக்குள் நுழைந்த கடல், வந்ததுதான், திரும்பிப் போகவே இல்லை. பட்டுப்போன பாக்கு மரங்கள் தலையில்லாமல் அதில் நின்றன, உப்புச் சேற்றின் வாடை படியேறி அடுப்படி வரை வந்தது, கரையில் முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. டிசம்பரில் அந்தமான் தீவில் நாலு மணிக்கே வெளிச்சம் மஞ்சளாகிவிடும். ஐந்தேகாலுக்கு நல்ல இருட்டு.

"ஏய் ஷீலா! டீ ஆறிப் போவுது, எந்திரி."

அசையவில்லை. அக்கா தமிழரசிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கையில் தாத்தாவின் பழைய நோட்டு இருந்தது, போட்டிக்காக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எரிச்சலில் அதிலிருந்த முதல் பேரையே எடுத்து வீசினாள்.

"அமிர்தவல்லி!"

"இருக்கேன்."

பட்டென்று வந்தது பதில். ஷீலா எழுந்து நின்றாள். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, நிமிர்ந்து, முகத்தை மட்டும் தண்ணீர்ப் பக்கமே வைத்துக்கொண்டு.

அரசி முதலில் சிரித்துவிட்டாள். என்ன பழக்கம் பழக்கியிருக்கிறோம் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. பிறகுதான் தரையைப் பார்த்தாள். மழை நின்று ஒரு வாரமாகிறது, படியெல்லாம் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது, ஷீலாவின் பாதம் பட்ட இடம் மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது.

பழக்கியது அரசிதான், வேறு யாரும் இல்லை. போர்ட் பிளேயரில் ஒரு வீடியோ கவிதைப் போட்டி அறிவித்திருந்தார்கள். ஊர்ப் பேரை மாற்றியாயிற்று, ஆனாலும் ஜனங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேயர்தான். பதிமூன்றிலிருந்து பத்தொன்பது வயதுவரை, எந்த மொழியானாலும் சரி. மூன்று நிமிடம், வெட்டு ஒட்டு இல்லாத ஒரே டேக், நேரடிக் குரல், பின்னணி இசை கூடாது. தலைப்பு, 'நான் பிறக்காத அந்த நாள்'. சுனாமிக்கு இருபது வருடம் ஆகிறதாம். தேர்வாகிற பன்னிரண்டு பேர் டிசம்பர் இருபத்தாறு மாலையில் மேடையேறி நேரில் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற ஒருவரை டெல்லிக்கு அனுப்பி, அங்கேயே கல்லூரிப் படிப்பையும் பார்த்துக்கொள்வார்கள்.

பதினாறு வயதில் அரசி பார்த்த உலகம் சிப்பிகாட்டிலிருந்து அபர்தீன் பஜார் வரை பஸ் போகிற தூரம். கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியாவை மெயின்லேண்ட் என்று யாராவது சொன்னாலே அவள் வேலையை விட்டுவிட்டுக் காதைக் கொடுப்பாள். இந்தப் போட்டியை விட்டால் இந்தச் சேற்று வாடையிலேயே கிழவியாக வேண்டியதுதான் என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்போது அழுகையே வந்துவிடும்.

எல்லாரும் அலை, கடல், கண்ணீர் என்று எழுதுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அப்பாவின் தகரப் பெட்டியைக் குடைந்தாள். தாத்தா வெள்ளைச்சாமியின் நோட்டு கிடைத்தது. தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், அங்கிருந்து அனுப்பப்பட்டுக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோதும் அதே வேலை. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட ஆள் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தால் அன்றைக்குப் பால் வெட்ட ஒரு வரிசை மரம். அந்த வரிசைக்கு நெரை என்று பேர், ஆள் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பேர். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினொரு பேர்கள் இருந்தன. அவற்றுக்கு எதிரே ஆள் வந்ததற்கான குறி எதுவும் இல்லை.

அடடா, இதுதான் என்றாள் அரசி. இரண்டு வரிக் கவிதை, பிறகு ஒரு பேர், பிறகு பதில். அப்படியே பெரட்டு எடுக்கிற மாதிரி. பதில் சொல்ல முகம் தெரியாத ஒரு குழந்தைக் குரல் இருந்தால் கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். வீட்டில் ஷீலா இருந்தாள். அம்மா ஜெயமணி ஆபரேஷனுக்காகக் கப்பலேறிச் சென்னைக்குப் போயிருந்தாள். "பாப்பாவ ஒன் கையிலதான் குடுத்துட்டுப் போறேன்" என்று கப்பல் துறையில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பத்து நாள் பயிற்சி. பதில் ஒரு நொடி தாமதித்தால் மேல்கையில் ஒரு கிள்ளு, விட்டுவிட்டால் இரண்டு. "கூப்புட்ட பேரு காத்துக்கிட்டு நிக்கக் கூடாது, புரிஞ்சுதா? யாரும் சொல்லலன்னா நீ சொல்லிடணும்." ஷீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால், அந்த முதலைப் பலகையைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில், செத்த பாக்கு மரத்துக்குப் பின்னால் அவளை ஒளித்து நிறுத்தி வீடியோ எடுத்தார்கள். நடுவில், "அக்கா, கால்ல யாரோ தொடுறாங்க" என்றாள். வாயைத் திறந்தால் டேக் போய்விடும் என்று அரசி கண்ணாலேயே மிரட்டினாள். ஒரே டேக்கில் முடிந்தது. பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகத் தேர்வும் ஆகிவிட்டாள்.

படி நனைந்திருந்ததற்கு மறுநாள் தோழி ஷாஹிதா கடைக்கு வரச் சொன்னாள். அபர்தீன் பஜாரில் அவள் வாப்பாவுக்கு மொபைல் கடை. வீடியோ எடுத்ததும், அதை அனுப்பியதும் அவள்தான். வழக்கமாக அரசியைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்கிறவள், இன்று ஹெட்ஃபோனை நீட்டினாள்.

"ஸ்டேஜ்ல போட கிளீன் ஆடியோ கேட்டாங்கன்னு சவுண்டைப் பிரிச்சேன். நீயே கேளு. நான் எதுவும் மிக்ஸ் பண்ணல அரசி, சத்தியமா, கசம் சே."

கடைக்குள் புது பிளாஸ்டிக் வாசனை, வெளியே ஆட்டோக்களின் சத்தம், பக்கத்துக் கடையில் மீன் வறுக்கிற எண்ணெய்ச் சத்தம் எல்லாம் இருந்தன. ஹெட்ஃபோனைக் காதில் வைத்ததும் எல்லாம் அடங்கிவிட்டன. முதலில் தண்ணீர் பாக்கு மரத்தில் மோதி விலகுகிற மெல்லிய சத்தம், பிறகு அவளுடைய சொந்தக் குரல், அமிர்தவல்லி என்று. பிறகு ஷீலாவின் 'இருக்கேன்'. அதற்கு அடியில், மிகச் சரியாக அதே நேரத்தில், வயதான ஒரு பொம்பளைக் குரலும் அதையே சொன்னது. பொன்னுத்துரை என்ற பேருக்கு ஷீலாவோடு சேர்ந்து சளி கட்டின ஆண்குரல். ஐயாவு என்ற பேருக்குப் பல் இல்லாத வாய். நாகராஜ் என்ற பேருக்கு ஓர் இளவட்டம், சிரித்துக்கொண்டே. ஒவ்வொரு பேருக்கும் ஒவ்வொரு குரல். பதினொன்றும் முடிந்த பிறகு தாள் புரளும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார், அடுத்த பேரைக் கூப்பிடப் போகிறவர் செருமுவாரே, அப்படி. அத்தோடு வீடியோ முடிந்தது.

அரசியின் முதுகுத்தண்டு ஜில்லிட்டுவிட்டது. வாய் மட்டும் வேறு பேசியது.

"நல்லாதான இருக்கு."

"பாகல் ஹை கியா? பைத்தியமா உனக்கு? போட்டிலேர்ந்து விலகிடு. இந்த ஃபைலை டெலிட் பண்ணிடறேன்."

"தொட்டேன்னா பாரு" என்றாள் அரசி. ஷாஹிதா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஷீலா தன் பேருக்குத் திரும்பவே இல்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று டீச்சர் போன் செய்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டுமென்றால் ஐயாவு என்றோ பொன்னுத்துரை என்றோ கூப்பிட வேண்டும், உடனே எழுந்து வந்து உட்கார்ந்து பிசைந்து சாப்பிடுவாள், அதுவும் ஒருநாள் இடதுகையால், ஒருநாள் குனிந்து கிழவரைப் போல மென்று மென்று. வீட்டுக்குள் புளித்த நாற்றம் ஒன்று வந்து தங்கியது. ரப்பர் பால் உறைந்து அழுகினால் வருகிற நாற்றம். அரசி பிறந்ததே சிப்பிகாட்டில், அவள் ரப்பர் தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் அது இன்ன நாற்றம் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்தது. போர்வையில், தலையணையில், ஷீலாவின் பின்னலில், குடிக்கிற தண்ணீரில்கூட அடித்தது.

விடியுமுன் ஐந்து மணிக்கெல்லாம் படுக்கை காலியாக இருக்கும். பின்வாசலில் ஷீலா நிற்பாள், கணுக்கால் வரை தண்ணீரில், டிபன் பாக்ஸைப் பால்வாளி போல முழங்கையில் மாட்டிக்கொண்டு. இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருப்பாள். சில நாள் அந்த இடத்துக்காகச் சற்று ஒதுங்கிக்கொள்வாள், யாரோ நெருக்கித் தள்ளியது போல. இழுத்து வந்து படுக்கவைத்தால் மறுபேச்சில்லாமல் படுத்துக்கொள்வாள், கண்ணை மட்டும் மூட மாட்டாள்.

ஒருநாள் பின்வாசல் மரத்தூணில் கோடுகளைப் பார்த்தாள் அரசி. சாய்வாக, ஒரே சீராக, கத்தியால் ரப்பர் மரப் பட்டையைச் சீவின மாதிரி. மொத்தம் பதினொன்று. தூணைக் கழுவினாள். கோட்டின் கீழ்முனைகளில் வெள்ளையாக ஏதோ மறுபடியும் சொட்டியது. இருபது வருடக் காய்ந்த மரம் அது.

அப்பா சுரேந்திரன் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர். சீசன் நேரம், ஹோட்டல்களுக்கு ஓட்டி ஓட்டி வீட்டுக்கு வருவதே அபூர்வம். இருபத்தைந்தாம் தேதி காலையில் வந்தவர் கால் கழுவப் பின்வாசலுக்குப் போனார். தூணைப் பார்த்தார். அரசி திட்டை எதிர்பார்த்து நின்றாள். அப்பா திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு பெரட்டு எடுத்தது?"

அரசி நோட்டை நீட்டினாள். அவர் அதைத் தொடாமல் பின்னுக்கு நகர்ந்தார். அப்பா பயந்து அவள் பார்த்ததே இல்லை. பதினெட்டு வயதில் சுனாமியில் தப்பிய ஆள், எதற்கும் அசைய மாட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். பதில் சொன்னது யார் என்று கேட்டார். சொன்னாள். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"கச்சால்ல மேட்டுமேல ஏறி நின்னோம் புள்ள. கீழ தோட்டம் பூரா தண்ணி. எங்கப்பாவுக்குப் புத்தி பெரண்டு போச்சு. விடிஞ்சா பெரட்டு எடுப்பாரு, செத்தவங்க பேரையும் சேத்துக் கூப்புடுவாரு. மூணாவது நாளு செத்துப்போன அலமு பேரக் கூப்புட்டப்ப அவ மவன் தாங்க முடியாம 'இருக்கேன்'னு சொல்லிட்டான். அழுகையில சொன்னதுதான்."

"அதுக்கென்ன?"

"பெரட்டுல சும்மா சொல்ல முடியாது. எந்தப் பேருக்கு யாரு குரல் குடுத்தாலும் குடுத்தவந்தான் அந்த நெரைக்குப் போவணும், அதான் வழக்கம். மறுநா கருக்கல்ல எந்திரிச்சான், போனான். நாங்க பாத்துக்கிட்டே நின்னோம்."

"எங்க போனான்?"

"தோட்டத்துக்கு" என்றார் அப்பா. "தோட்டம் தண்ணிக்குள்ளல்ல இருந்திச்சி."

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. இருவரும் எழவில்லை.

"ஒத்தப் புள்ள, பதினொரு நெரை. இவ யாரு நெரைக்குன்னு செத்தவங்களுக்குள்ள தீரல. அதான் இன்னும் விட்டு வச்சிருக்காங்க. நாளைக்கு அந்த நாளு. பொழுது எறங்கினா தீந்துரும்."

"வேற யாராச்சும் அந்தப் பேருங்களுக்குக் குரல் குடுத்தா?"

"இவள விட்டுட்டு அவங்களப் புடிச்சுக்குவாங்க. நான் குடுத்தா ஒரு பேரு தீரும். மிச்சம் பத்துக்கு யார் வீட்டுப் புள்ளையத் தேடுறது?" அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு மூணு மணிக்கு டேங்கர விட்டுட்டு வந்துர்றேன், அதுக்கு முன்ன மொதலாளி விட மாட்டாரு. புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கடல் தெரியாத எடமாப் போயிருவோம். அதுவரைக்கும் கதவத் தெறக்காத. போட்டியும் மயிரும் ஒண்ணும் வேணாம்."

வாசல் வரை போனவரிடம் அரசி கேட்டாள், "தாத்தா எப்படிப் போனாரு?"

"பேரு கூப்புட்டவருதான ஆள நடத்திக்கிட்டுப் போவணும். முன்னால நடந்ததே அவருதான்."

அரசி அதைக் காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. அவள் மனம் அதற்குள் எண்ண ஆரம்பித்திருந்தது. இந்தத் தீவில் கடல் தெரியாத இடம் எங்கே இருக்கிறது? அப்பாவுக்கு வேண்டுமானால் ஆறுதல். ஆனால் மேடையேறப் போவது பன்னிரண்டு பேர். அவளைக் கழித்தால் பதினொன்று.

தன் நினைப்பைக் கண்டு அவளே பயந்தாள். வழிந்த பாலைத் துடைத்து முடிக்கும்வரை பயந்தாள். பிறகு கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, வெள்ளைத் தாளைப் பதினொரு துண்டாக வெட்டினாள். ஷீலா பின்வாசலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறாம் தேதி, அப்பா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அரசி தங்கையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அரங்கம் கடற்கரைச் சாலையில். கதவைத் திறந்தால் ரோடு, ரோட்டைத் தாண்டினால் தடுப்புச் சுவர், சுவரின் இடைவெளியில் கடலுக்கு இறங்குகிற படிகள். போட்டியாளர்கள் மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் பவுடரும் வியர்வையுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். பெங்காலிப் பையன்கள், தெலுங்குப் பெண்கள், கார் நிக்கோபாரிலிருந்து வந்த ஒருத்தி, அந்தக் காலத்தில் ராஞ்சியிலிருந்து கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் இருவர். எல்லாரிடமும் இந்தியில் அழகாகப் பேசினாள் அரசி. என் கவிதையில் நீங்களும் இருக்க வேண்டும், இந்தப் பேரைக் கூப்பிட்டதும் 'இருக்கேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. இந்தி எழுத்தில் எழுதிய துண்டை ஒவ்வொரு கையிலும் வைத்தாள்.

யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வடகோடித் திக்லிபூரிலிருந்து முதல் நாளே அப்பாவோடு பஸ்ஸில் வந்திருந்த மௌமிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஷீலாவைத் தன் மடியில் உட்காரவைத்துக் கலைந்த பின்னலை அவிழ்த்துத் திரும்பப் போட்டுவிட்டாள். "இத்னா தண்டா!" என்று, ஜில்லிட்டிருந்த அவள் பாதங்களைத் தன் துப்பட்டாவால் மூடினாள். பிறகு துண்டைப் பார்த்து, "இருக்கேன்... இருக்கேன்... டீக் ஹை நா, தீதி?" என்று, சரிதானே அக்கா என்பது போலச் சிரித்தாள்.

"ரொம்ப டீக்" என்றாள் அரசி. அந்தத் துண்டில் அமிர்தவல்லி என்று எழுதியிருந்தது.

அரசியின் முறை கடைசி, சொல்லி முடித்த பதினொரு பேரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மணி ஐந்தேகால், ஜன்னல்களில் வெளிச்சம் வடிந்துவிட்டது. ஷீலாவை முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து இடது உள்ளங்கையால் அவள் வாயை இறுக்கப் பொத்தினாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. என்ன ஒரு கற்பனை என்று நினைத்திருப்பார்கள். பையில் போன் அதிர்ந்தது. அப்பா. அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது.

"அமிர்தவல்லி!"

உள்ளங்கைக்குள் ஷீலாவின் வாய் திமிறியது. முன்வரிசையில் மௌமிதா எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள். "இருக்கேன்."

"பொன்னுத்துரை!"

"இருக்கேன்."

சூடான மூச்சு. எச்சில். பல். ஷீலா கடித்தாள். அரசி கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு பேருக்கும் அந்தச் சின்ன உடம்பு தூக்கிப்போட்டது, ஒவ்வொரு பேருக்கும் முன்வரிசையிலிருந்து ஒரு பதில் வந்தது, ஒவ்வொரு பதிலுக்கும் அந்த உடம்பு கொஞ்சம் லேசானது. ஏழு. எட்டு. கை வழியே ரத்தம் முழங்கைக்கு இறங்கியது. ஒன்பது. பத்து.

பதினொன்று.

ஷீலா தளர்ந்தாள். அரசி கையை விலக்கினாள்.

"அக்கா" என்றாள் ஷீலா. அவளுடைய குரல், அவளுடையது மட்டும். "அக்கா, பசிக்குதுக்கா. ஏன் என் வாயப் பொத்துன?"

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. அரசி மண்டியிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், சும்மா சொல்லக் கூடாது, உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. நடுவர் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்து, யோசிக்கவே வேண்டியதில்லை என்று இந்தியில் சொல்லி, கேடயத்தை அவள் கையில் திணித்தார். டெல்லி. மெயின்லேண்ட். எல்லாம் கிடைத்துவிட்டது.

முன்வரிசை மட்டும் தட்டவில்லை.

பதினொரு பேரும் கையைத் தொடையோடு ஒட்டவைத்து நின்றார்கள். நாற்காலிகளுக்கு அடியில் தரை பளபளத்தது. தண்ணீர். புளித்த நாற்றம் மேடையேறி வந்தது. மௌமிதாவின் துப்பட்டா நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

கைதட்டலுக்குப் பின்னால், கதவுப் பக்கம், யாரோ தொண்டையைச் செருமினார்.

தாள் புரண்டது.

"தமிழரசி."

கிழவர் குரல். மைக் இல்லை. ஆனாலும் கைதட்டலை அறுத்துக்கொண்டு வந்தது. கதவு திறந்திருந்தது. வெளியே இருட்டு. இருட்டில் வேட்டி மட்டும் வெள்ளையாக.

பேரு கூப்புட்டவருதான ஆள நடத்திக்கிட்டுப் போவணும். இப்போதுதான் அது மனதுக்குள் இறங்கியது.

"தமிழரசி."

ஒரு வார்த்தை. சொன்னால் முடிந்தது, அவள் போவாள், ஷீலா இருப்பாள். நாக்கு தயாராகத்தான் இருந்தது. கேடயம் கனத்தது. டெல்லி. அரசி வாயை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன். யாரும் சொல்லாவிட்டால் போய்விடுவார். போய்விடு. போய்விடு.

ஷீலா அண்ணாந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பேர் ஒன்று காத்துக்கொண்டு நின்றது. அக்கா சொல்லவில்லை. ஷீலாவின் கை தன்னையறியாமல் மேல்கைக்குப் போனது, கிள்ளிக் கிள்ளிக் கன்றிப்போன இடத்துக்கு.

"தமிழரசி."

"இருக்கேன்" என்றாள் ஷீலா.

தாமதமே இல்லை. சரியாகச் சொல்லிவிட்டேனா என்று அக்காவைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. திரும்பினாள். மேடைப் படியில் இறங்கினாள். முன்வரிசை அவள் பின்னால் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டது.

கூட்டம் வழிவிட்டது. போன்கள் உயர்ந்தன. "க்யா எண்டிங் ஹை யார்!" என்று முடிவை மெச்சினான் ஒருவன். மறுபடி கைதட்டினார்கள். மௌமிதாவின் அப்பாவும் தட்டினார்.

அரசி ஓடினாள். கேடயம் எங்கேயோ விழுந்தது. கதவு. ரோடு. சுவர். படிகளின் கீழே அலையில்லாத கறுப்புத் தண்ணீர், அதில் பன்னிரண்டு தலைகள் வரிசையாக, முன்னால் இருந்தது எல்லாவற்றிலும் குட்டை.

"ஷீலா! ஷீலா! பாப்பா, இங்க பாரு!"

திரும்பவில்லை.

தண்ணீர் இடுப்பில். மார்பில். மௌமிதா போட்டுவிட்ட புதுப் பின்னல் மிதந்தது.

அரசிக்குத் தெரிந்தது, எந்தப் பேருக்குத் திரும்புவாள் என்று. கூப்பிட்டாள். தன் பேரைத் தானே கூப்பிட்டாள்.

"தமிழரசி!"

கழுத்தளவு தண்ணீரில் அந்தச் சின்னத் தலை உடனே திரும்பியது.

"இருக்கேன்."